கல்சுவர், புல்கூரை: வாசகர் கேள்வி – பதில்

மலையடிவாரத்துக் கல்சுவர்க் கூரை வீடு ஒன்றின் படத்தைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டோம். கூலியும் மரவிலையும் ஊருக்கு ஊர் மாறுவதால், செலவு கேட்டவர்களுக்கு அளவுகளை மட்டும் தந்திருக்கிறோம். கணக்கை உள்ளூரில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒடுகத்தூர் வாசகர்: எங்கள் பாட்டன் கட்டிய வீடு. கருங்கல் சுவர், ஒன்றே முக்கால் அடி கனம். ஒரு மூலையில் கல் விழுந்த இடத்தில் பார்த்தால் உள்ளே வெறும் மண். சிமென்ட்டும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. இத்தனை காலம் எப்படி நின்றது?

மண்ணை நம்பி அது நிற்கவில்லை. கல்மேல் கல் சரியாக உட்கார்ந்திருப்பதால் நிற்கிறது. அந்த மண் கல்லுக்கு மெத்தை, அவ்வளவுதான். ஒட்டுவது அதன் வேலை இல்லை. கல்லின் மேடுபள்ளத்தை நிரப்பி, மேலே உள்ள பாரம் ஒரு முனையில் குத்தாமல் பரவலாக இறங்கச் செய்வதே அதன் வேலை.

நீங்கள் பார்ப்பது ஒரு சுவர் என்றாலும் கட்டுமானத்தில் அது இரண்டு. வெளிமுகம் ஒரு வரிசை, உள்முகம் ஒரு வரிசை, நடுவில் சில்லுக் கல்லும் சேறும். இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்து வைப்பது, சுவரின் குறுக்கே இருமுகத்தையும் தொட்டுக் கிடக்கும் நெடுங்கல். உயரத்தில் இரண்டடிக்கு ஒரு வரிசை, அந்த வரிசையில் நான்கு அடிக்கு ஒரு நெடுங்கல் என்பது நல்ல கட்டு. உங்கள் வீட்டின் உள்பக்கப் பூச்சு உதிர்ந்த இடத்தில் கவனியுங்கள். வெளியே தெரியும் கல்லின் மறுமுனை உள்ளேயும் தெரிந்தால், கட்டியவர் வேலை தெரிந்தவர். மூலையிலும் இதே கதைதான்: ஒரு வரிசையில் நீளக்கல் கிழக்குச் சுவரோடு போனால், அடுத்த வரிசையில் தெற்குச் சுவரோடு போக வேண்டும். மூலையில் குட்டைக் கல்லை அடுக்கிக் கட்டிய வீடுகளில்தான் மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக வெடிப்பு ஓடுகிறது. உங்கள் வீட்டில் மூலைக்கல் விழுந்திருப்பதால் முதலில் அதைப் பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கன அடி கருங்கல் சுமார் 75 கிலோ. இடையில் உள்ள மண்ணையும் சேர்த்து 65 என்று வைத்தாலும், 8 அடி உயரமும் ஒன்றே முக்கால் அடி கனமும் உள்ள சுவர், ஓர் அடி நீளத்துக்கு 900 கிலோ வரும். 24 அடிக்கு 14 அடி வீட்டின் சுவர்கள் 60 டன்னுக்குக் குறையாது. அதன்மேல் இருக்கும் புல்லும் மரமும் சேர்த்து இரண்டு டன் இருந்தால் அதிகம். ஆகவே இந்தச் சுவருக்குக் கூரையின் கனம் ஒரு பொருட்டே இல்லை. அது பயப்பட வேண்டியது இரண்டுக்குத்தான்: கூரையிலிருந்து உள்ளே இறங்கும் தண்ணீர், கைமரம் (முகட்டிலிருந்து சுவருக்குச் சாய்ந்து இறங்கும் கூரைமரம்) வெளிப்பக்கமாகத் தள்ளும் தள்ளு. கீழே வரும் பதில்களில் பாதி இந்த இரண்டைப் பற்றித்தான்.

விழுந்த மூலையைச் சேறு போட்டே திருப்பிக் கட்டுங்கள். பழைய கல்லையே, அதே படுக்கை கீழே வருமாறு வையுங்கள். அந்த ஒரு மூலையை மட்டும் காங்கிரீட்டில் இறுக்கினால், அடுத்த வெடிப்பு அதன் ஓரத்திலேயே வரும்.

பேரணாம்பட்டு வாசகர்: மேற்குச் சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது. மேலும் கீழும் சரியாகத்தான் இருக்கிறது. 2021 நவம்பர் மழைக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. இடிக்க வேண்டுமா?

முதலில் இது சாய்வா, பிரிவா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே சுவரின் தலையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, ஒவ்வோர் அடி உயரத்திலும் கயிற்றுக்கும் கல்லுக்கும் உள்ள இடைவெளியை எழுதிக்கொள்ளுங்கள். அதே இடத்தில் உள்பக்கமும் செய்யுங்கள். வெளியே தள்ளிய அளவுக்கு உள்ளே குழிந்திருந்தால், சுவர் முழுசாக வளைந்திருக்கிறது என்று பொருள். உள்ளே நேராக இருந்து வெளியே மட்டும் தள்ளியிருந்தால், இரண்டு முகமும் பிரிந்து நடுவில் பொந்து விழுந்திருக்கிறது. இரண்டாவதே ஆபத்து. சுத்தியலால் மெல்லத் தட்டினால் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும்.

பிரிவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். சுவரின் தலை திறந்து கிடக்கிறது, இறவாரத்தில், அதாவது கூரையின் கீழ்விளிம்பில், புல் மக்கிவிட்டது, மழைநீர் நேராக நடுமண்ணில் இறங்குகிறது. ஊறிய மண் கீழே வழிந்து, இடுப்பு உயரத்தில் தேங்கி, வெளிமுகத்தைத் தள்ளுகிறது. வெளியே சிமென்ட் பூச்சு இருந்தால் தண்ணீருக்கு வெளியேற வழியே இல்லை. அந்த நவம்பரில் பாலாறு கரை புரண்டு ஓடிய அளவுக்கு மழை. அப்போது நின்ற சுவர்கூட, உள்ளே மண் கரைந்து போயிருந்தால் அடுத்த மழைக்குத் தாங்காது. அரச மரமோ ஆல மரமோ சுவரில் முளைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். வேரைப் பிடுங்காதீர்கள், கல்லும் கூடவே வரும். தண்டை அறுத்துவிட்டு, பிரித்துக் கட்டும்போது வேரை எடுங்கள்.

முழுசாக இடிக்கத் தேவையில்லை. பங்குனி, சித்திரையில் வேலையை வையுங்கள். உள்ளே, சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, கைமரங்களுக்குக் குறுக்கே ஒரு சட்டம் கொடுத்து, அதன்கீழ் ஐந்தடிக்கு ஒரு முட்டுக்கால் வைத்துக் கூரைப் பாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டுக்காலின் அடியில் பலகை போடாவிட்டால் மண்தரையில் இறங்கிவிடும். பிறகு தள்ளிய பகுதியை மேலிருந்து பிரியுங்கள். ஒரே நேரத்தில் நான்கு அடி நீளத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது. அந்தப் பகுதியைக் கட்டி முடித்து, அது இறுகிய பிறகே பக்கத்துப் பகுதி. கல்லில் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டுக்கொண்டால் திரும்ப வைப்பது சுலபம்.

சேற்றுக்கட்டு ஒரு நாளில் இரண்டடிக்கு மேல் ஏறக் கூடாது. ஏறினால் ஈரச் சேறு பிதுங்கி, புதுச்சுவரும் அன்றே வயிறு தள்ளும். பழைய சுவரில் நெடுங்கல் இல்லையென்றால் இப்போது போடுங்கள். ஒன்றே முக்கால் அடிக் கல் கிடைக்காவிட்டால், ஓரடிக்கு மேல் நீளமுள்ள இரண்டு கல்லை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பக்கம் பக்கமாக ஒன்றையொன்று தாண்டிப் போகுமாறு வைக்கலாம்.

முழுச் சுவரும் சாய்ந்திருக்கிறதே என்பவர்களுக்கு: தலையின் நடுவிலிருந்து விட்ட குண்டு, அடியின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் விழ வேண்டும். 21 அங்குலச் சுவரில் நடுவிலிருந்து எந்தப் பக்கமும் மூன்றரை அங்குலம்தான் எல்லை. அதைத் தாண்டினால் அந்தப் பக்கம் படுக்காதீர்கள். பொறியாளர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுப் பிறகு மற்றதைப் பேசலாம்.

குடியாத்தம் வாசகர்: நைனா காலத்து வீடு. கூடத்தின் நட்டநடுவில் மோட்டுவளையை (முகட்டில் நீளவாக்கில் ஓடும் மரத்தை) தாங்கி ஒரு மரத்தூண். கட்டில் போட முடியவில்லை. எடுத்துவிடலாம் என்கிறார் தச்சர். கூரை இறங்காது என்றும் சொல்கிறார்.

கூரை உடனே இறங்காது, அது உண்மை. அதனால்தான் இந்தத் தப்பு இத்தனை வீடுகளில் நடக்கிறது.

இந்த வீடுகளில் கைமரம் மேலே மோட்டுவளையில் தொங்குகிறது, கீழே சுவர்மேல் படுத்திருக்கிறது. மோட்டுவளையைத் தூணும் பக்கவாட்டு முக்கோணச் சுவர்களும் நேராகக் கீழே இறக்குகின்றன. அதனால் கைமரத்துக்குச் சுவரை வெளியே தள்ள வேண்டிய அவசியமே இல்லை. தூணை எடுத்ததும் மோட்டுவளை ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் தொய்கிறது. கைமரத்தின் தலை இறங்கினால் அதன் கால் வெளியே நகர வேண்டும். காலடியில் இருப்பது மண்ணில் அடுக்கிய கல்சுவர். மேல்வரிசைக் கல்லைத் தள்ளிக்கொண்டே போகும். இரண்டு, மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு சுவர் வெளியே சாய்ந்து வெடிக்கும்போது, தூண் எடுத்த கதை யாருக்கும் ஞாபகம் இருக்காது. ‘அடிமண் சரியில்லை’ என்பார்கள்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால் வழி உண்டு. எதிரெதிர்க் கைமரங்களின் கால்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் குறுக்குச் சட்டம் வேண்டும். சுவர்த் தலை மட்டத்தில், இரண்டு ஜோடிக்கு ஒன்றாக. முனைகளை வெறும் ஆணியால் அடிக்காமல் நட்டும் போல்ட்டும் போடுங்கள், 12 மி.மீ. போதும். இந்தச் சட்டம் இழுவையைத் தாங்க வேண்டுமே தவிர பாரத்தை அல்ல. ஆகவே 4 அங்குலம் அகலம், 2 அங்குலம் கனம் உள்ள வேம்போ தேக்கோ போதும். மோட்டுவளைக்கும் ஒவ்வொரு சட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குட்டைக்கால் கொடுக்க நினைத்தால், அப்போது சட்டம் பாரமும் சுமக்கும். அளவை இரட்டிப்பாக்க வேண்டும். இத்தனையும் செய்வதைவிடக் கட்டிலை நகர்த்துவது மலிவு.

தூணின் அடி உளுத்திருந்தால் தூணையே மாற்றாதீர்கள். கூரையை முட்டுக்கொடுத்து அரை அங்குலம் தூக்கி, உளுத்த பகுதியை அறுத்துவிட்டு, அந்த உயரத்துக்குக் கருங்கல் திண்டு ஒன்றைக் கீழே வையுங்கள். மரம் மண்ணைத் தொடாமலிருந்தால் அடுத்த தலைமுறைவரை கவலை இல்லை.

ஆரணி வாசகர்: பூச்சுக்கு எந்த மண், எவ்வளவு? சிமென்ட் பூசினால் ஏன் பெயர்ந்து விழுகிறது?

பின்னதை முதலில் சொல்லிவிடலாம். சேறு வைத்துக் கட்டிய சுவர் மழையில் ஈரம் குடிக்கும், வெயிலில் விடும். சிமென்ட் பூச்சில் மயிரிழை வெடிப்பு வராமல் இருக்காது. அதன் வழியே தண்ணீர் போகும், வெளியே வராது. உள்ளே மண் ஊறி உப்பும்போது கெட்டியான சிமென்ட் கூடவே நெளிய மாட்டாமல் பலகை பலகையாகப் பெயர்கிறது. பெயராமல் பிடித்துக்கொண்டிருந்தால் இன்னும் கெடுதி. மேலே பேரணாம்பட்டுக்காரருக்குச் சொன்னது அதுதான்.

மண்ணைச் சோதிக்க ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி ஒரு நாள் ஆடாமல் வையுங்கள். மணல் அடியில், வண்டல் நடுவில், களி மேலே படியும். கல் அடுக்கும் சேற்றுக்கு மணல் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும், களி ஐந்தில் ஒரு பங்குக்கு மிஞ்சக் கூடாது. ஏரி வண்டலை மட்டும் தனியே போட்டால் காய்ந்ததும் பாளம் பாளமாக வெடிக்கும். செம்மண்ணையோ ஆற்று மணலையோ கலந்து மறுபடியும் சோதியுங்கள். புற்றுமண் பிடிப்பு நல்லது, ஆனால் அதையும் தனியே போடாதீர்கள், களி அதிகம்.

அடுக்கும் சேற்றில் வைக்கோல் வேண்டாம், அது மக்கி இடம்விடும். பூச்சுச் சேற்றில் வைக்கோல் கட்டாயம். விரல் நீளத்துக்கு நறுக்கி, மூன்று நாள் ஊறவிட்டு, தினமும் ஒருமுறை மிதிக்க வேண்டும். சுவரை நனைத்துவிட்டு முதல் பூச்சு முக்கால் அங்குலம். அது வெடிக்கும், வெடிக்கட்டும். நன்றாகக் காய்ந்த பின், சலித்த மண்ணும் சாணமும் சேர்த்து இரண்டாவது பூச்சு மெல்லிசாக. வெடிப்புகள் அதில் அடங்கிவிடும்.

மழை நேராக அடிக்கும் சுவருக்கும், கல் இடுக்கை வெளியே அடைக்கவும் சுண்ணாம்புச் சாந்து வையுங்கள். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நீற்ற வேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீரைக் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும், கண் போகும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். நீற்றியதைத் தண்ணீர் மூடிய நிலையில் மூன்று வாரமாவது வைத்திருந்து, ஒரு பங்கு சுண்ணாம்புக் குழைவுக்கு மூன்று பங்கு மணல். அடிச்சுவருக்கு, அந்த மூன்றில் ஒரு பங்கு மணலைக் குறைத்து நன்றாக வெந்த செங்கல் தூள் சேருங்கள், ஈரத்திலும் இறுகும். பூசிய பின் ஒரு வாரம் நேர்வெயில் படாமல் சாக்கு நனைத்துத் தொங்கவிட வேண்டும். கடுக்காய், வெல்லம் எவ்வளவு என்று பலர் கேட்கிறார்கள். அவை சாந்தைக் குழைவாக்கும், நீர் புகுவதைக் குறைக்கும். ஆனால் நீற்றுவதிலும் ஈரம் காப்பதிலும் அவசரப்பட்டுவிட்டு, கடுக்காய் போட்டேன் என்றால் பயனில்லை.

ஜமுனாமரத்தூர் வாசகர்: 24 அடிக்கு 14 அடி வீடு. மஞ்சம்புல் எவ்வளவு பிடிக்கும்? எத்தனை வருடம் வரும்?

இறவாரம் இரண்டு பக்கமும் இரண்டடி, முகப்பில் ஓரடி வெளியே வருவதாக வைத்துக்கொள்வோம். 45 பாகை வாட்டம் (சாய்வு) என்றால், சுவர்த் தலையிலிருந்து முகடு 7 அடி மேலே வரும். கைமரம் ஏறத்தாழ 12 அடி 9 அங்குலம். இரண்டு சரிவும் சேர்த்து 660 சதுர அடி. ஆறு அங்குலக் கனத்துக்கு உலர்ந்த, சீவிய புல் ஏறக்குறைய ஒரு டன் வேண்டும். கட்டுக் கணக்கில் வாங்காதீர்கள். கட்டின் பருமன் ஆளுக்கு ஆள் வேறு. எடை போட்டு வாங்கி, சீவும்போது போகும் இலைக்காக ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். காப்புக்காட்டில் அறுப்பதானால் வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

ஆயுளை முடிவு செய்வது புல்லைவிட வாட்டம்தான். இப்போது கட்டும் கொட்டாய்களில் புல்லை மிச்சப்படுத்த 30 பாகைக்குப் படுக்க வைக்கிறார்கள். தண்ணீர் வழிவதற்குப் பதில் ஊறுகிறது. 45 பாகையில், அரையடிக் கனத்தில் வேய்ந்த மஞ்சம்புல் ஐந்து, ஆறு வருடம் தாங்கும். கனத்தைக் கூட்டினால் அதற்கு மேலும் தாங்கும். ஒப்பிட்டுச் சொன்னால், தென்னங்கீற்று ஒன்று, இரண்டு வருடம். கரும்புத் தோகை இரண்டு, மூன்று. பனையோலை அதற்குக் கொஞ்சம் மேல்.

புல்லை மார்கழி, தையில், விதை உதிர்ந்து தண்டு பழுத்த பிறகு அறுங்கள். பச்சையாக அறுத்தால் சர்க்கரைச் சத்து உள்ளே நின்று பூச்சி பிடிக்கும். ஆணி அடித்த பலகையில் இழுத்துத் தண்டோடு ஒட்டிய இலையைச் சீவி எடுத்துவிட வேண்டும். தண்ணீரைப் பிடித்து வைப்பது இலைதான், தண்டு அல்ல. இந்த ஒரு வேலையைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள்.

கைமரம் இரண்டடிக்கு ஒன்று, அதன் குறுக்கே கட்டும் வரிச்சு ஆறு முதல் எட்டு அங்குலத்துக்கு ஒன்று. மூங்கில் வரிச்சு என்றால் பிளந்து மூன்று, நான்கு வாரம் குட்டையில் அமுக்கி வையுங்கள், மாவுச்சத்து கரைந்தால் துளைவண்டு வராது. அல்லது 100 லிட்டர் தண்ணீருக்கு போராக்ஸ் 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ கரைத்து ஒரு வாரம் ஊறப்போடலாம். பனங்கை (பனைமரச் சட்டம்) கிடைத்தால் வைரம் பாய்ந்த கரும்பகுதி மட்டும். பனைமரம் வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி தேவை என்று 2021-ல் அறிவித்ததை மறந்துவிடாதீர்கள்.

வேய்வது இறவாரத்திலிருந்து தொடங்கும். அடித்தண்டு கீழ்நோக்கி, நுனி மேல்நோக்கி. ஒவ்வொரு வரியிலும் புல்லின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெளியே தெரியலாம், மீதி அடுத்த வரியின் கீழே. முதல் வரி மற்றதைவிட இருமடங்கு கனமாக இருக்கட்டும். கட்டுக்கம்பி துருப்பிடித்துப் புல்லுக்கு முன்னால் அறும். தார் தோய்த்த தென்னங்கயிறோ, வெயில் படாத உள்பக்கமானால் நைலானோ நல்லது. முகட்டில் இருபுறமும் புல்லை மடித்துப் போட்டு, இரண்டு மூங்கிலால் கவ்விக் கட்டுங்கள். முகடு மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். அதை விட்டுவிட்டுக் கூரை ஒழுகுகிறது என்று முழுவதையும் பிரிப்பவர்கள் நிறைய.

வாணியம்பாடி வாசகர்: மகன் இங்கிலாந்தில் இருக்கிறான். அங்கே கல்சுவரும் புல்கூரையுமாக நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும் கிராமத்து வீடுகளின் படம் அனுப்பினான். கூரை நாற்பது வருடம் வருகிறதாமே. நமக்கு மட்டும் ஏன் ஐந்து வருடம்?

நாற்பது வருடம் என்பது நாணல் கூரைக்கு. கோதுமை வைக்கோல் என்றால் அங்கேயும் 15 முதல் 25 வருடம்தான். முகட்டைப் பத்து, பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள்.

வித்தியாசம் எங்கே என்றால், வாட்டம் 50 பாகை அளவில், கனம் ஓரடி. மழை மேல் ஓரிரு அங்குலத்தை மட்டும் நனைக்கிறது, அதற்குக் கீழே புல் காலம் முழுவதும் உலர்ந்தே இருக்கிறது. பழசாகும்போது முழுவதும் பிரிப்பதில்லை. மக்கிய மேலடுக்கை மட்டும் சீவியெடுத்துப் புதுசைப் போடுகிறார்கள். டெவன் பகுதியில், புகைபோக்கி வருவதற்கு முந்தைய காலத்து அடுப்புப் புகையில் கறுத்த அடியடுக்கு, இடைக்காலத்துப் புல், இன்னும் சில வீடுகளில் அப்படியே இருக்கிறது. நாம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்து எரித்துவிடுகிறோம்.

அங்கே கரையான் தொல்லை கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வேலூர்ப் பக்கத்து 40 பாகைக்கு மேற்பட்ட வெயிலும், அடுத்தடுத்து இரண்டு பருவமழையும் புல்லை மாற்றி மாற்றி வாட்டுகின்றன. ஆகவே ஓரடி கனம் போட்டாலும் நாற்பது வருடம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் மேலடுக்கை மட்டும் மாற்றும் முறையை இங்கே தாராளமாகச் செய்யலாம்.

மகன் அனுப்பிய படம் காட்ஸ்வோல்ட்ஸ் பகுதி என்றால் அந்தச் சுவர் சுண்ணாம்புக்கல், உளிக்கு இசையும் கல். நம் ஊர்க் கருங்கல்லுக்கு அண்ணன் தம்பி வேண்டுமானால் டெவனிலேயே டார்ட்மூர் மேட்டுநிலத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே நீளவீடு என்று ஒரு வகை: கருங்கல் சுவர், புல்கூரை, ஒரே கூரையின்கீழ் ஒரு பாதியில் மனிதர், மறுபாதியில் மாடு, நடுவில் குறுக்காக ஒரு நடை. வீட்டைச் சரிவின் வாட்டத்திலேயே நீளமாகக் கட்டி, மாட்டுப் பக்கத்தைக் கீழே வைத்திருப்பார்கள். கோமியமும் கழுவிய நீரும் வீட்டுப் பக்கம் வராமல் வெளியே ஓடும். கொல்லை மேட்டில் வீட்டோடு கொட்டாய் போடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். சிமென்ட் பூசிச் சுவரைக் கெடுத்த கதை அங்கேயும் உண்டு. இப்போது பழைய வீடுகளுக்குச் சுண்ணாம்புக்கே திரும்பியிருக்கிறார்கள்.

சோளிங்கர் வாசகர்: ஒழுகாமலிருக்கக் கூரைக்குள் பழைய பிளக்ஸ் பேனர் விரிக்கலாமா?

வேண்டாம். மேலிருந்து இறங்கும் ஈரம் பேனரில் தேங்கி, புல்லை அடியிலிருந்து அழுக வைக்கும். மழை அவசரத்துக்கு ஒரு வாரம் மேலே தார்ப்பாய் போடலாம். வெயில் வந்ததும் எடுத்துவிட வேண்டும்.

ஆம்பூர் வாசகி: விறகடுப்பை விட்டு கேஸுக்கு மாறியதிலிருந்து கூரையில் வண்டும் பூச்சியும் வருகின்றன. சம்பந்தம் உண்டா?

உண்டு. புகையின் கரிப்பிசின் புல்லிலும் மூங்கிலிலும் படிந்து பூச்சியை அண்டவிடாது. கூரையை உலர்த்தியும் வைக்கும். அதற்காக நீங்கள் மறுபடி புகையில் உட்கார வேண்டியதில்லை. மூங்கிலுக்கு மேலே சொன்ன போராக்ஸ் கரைசலைத் தூரிகையால் இரண்டு முறை அடியுங்கள், முகட்டின் இருபுற முக்கோணச் சுவரிலும் ஓரடிச் சதுரத்தில் காற்றுவழி விட்டு வலை அடியுங்கள். அடுப்பு மேடைக்கு நேர்மேலே புல் தெரியக் கூடாது. அந்த இடத்துக்கு மட்டுமாவது பலகை போட்டு, மேலே மூன்று அங்குலம் மண் பரப்பிய மச்சு கட்டிவிடுங்கள். பழைய வீடுகளில் தவசமும் பத்திரமும் வைக்கும் அறைக்கு மண்மச்சு கட்டியது இதற்குத்தான். மேலே கூரை எரிந்து போனாலும் கீழே அறை தப்பும். மின்கம்பியை எந்தக் காரணத்துக்கும் புல்லுக்குள் விடாதீர்கள். சுவர் வழியாகக் குழாயில் கொண்டுபோய், 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பானையும் போடுங்கள். தீபாவளிக்கு முதல்நாள் கூரையை நனைத்து, ராக்கெட் விடும் பையன்களை ஏரிப் பக்கம் அனுப்புங்கள்.

திருப்பத்தூர் வாசகர்: கல்சுவரில் கரையான் எப்படி ஏறுகிறது?

நடுமண் வழியாக. வெளியே தெரியாமலேயே கைமரம் வரை போய்விடும். புதிதாகக் கட்டினால், தரைமட்டத்துக்கு ஒன்றரை அடி மேலே கற்பலகை வரிசை ஒன்றைச் சுவரின் முழுக் கனத்துக்கும் போட்டு, மூட்டுகளைச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். பலகை இருபுறமும் இரண்டு அங்குலம் வெளியே நீண்டிருந்தால், கரையான் அதைச் சுற்றி மண்கோடு இழுத்துத்தான் ஏற முடியும், கண்ணுக்குத் தெரிந்துவிடும். பழைய வீடு என்றால், கைமரத்தின் கீழ்முனைகளை மண்ணிலிருந்து பிரித்துக் கல்மேல் உட்கார வையுங்கள், வருடத்துக்கு இரண்டு முறை தட்டிப் பாருங்கள்.

வாலாஜா வாசகர்: இப்படிப்பட்ட கட்டுமானத்தை நேரில் பார்க்க எங்கே போவது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் உள்ள தக்‌ஷிணசித்ரா. 1996-ல் திறந்தது. தென்மாநில வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். ஆந்திரக் கடற்கரையிலிருந்து வந்த வட்டவடிவக் கூரை வீட்டில் கைமரமும் வரிச்சும் சேரும் இடத்தைப் படுத்தபடி அண்ணாந்து பாருங்கள். கல்கட்டுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். உங்கள் ஊரில் இடிந்து கிடக்கும் ஏதாவது ஒரு பழைய வீட்டின் உடைந்த சுவர், உள்ளிருப்பதை நன்றாகவே காட்டும்.

காட்பாடி வாசகர்: சுவர் இடுக்கில் பாம்பு புகுகிறது. சிமென்ட் வைத்து அடைக்கட்டுமா?

பாம்பு எலியைத் தேடி வருகிறது, எலி உங்கள் தானியத்தைத் தேடி. தானியக் குதிர், மூட்டை எதையும் சுவரை ஒட்டி வைக்காமல் ஒன்றரை அடி தள்ளி வையுங்கள். சுவர் ஓரம் விறகு அடுக்காதீர்கள். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை எல்லா இடுக்கையும், உள்ளும் வெளியும், இடுக்குக்குச் சரியாகப் பொருந்தும் சில்லுக் கல்லைச் செருகிச் சுண்ணாம்புச் சாந்தால் அடையுங்கள். வெறும் சாந்தை மட்டும் திணித்தால் எலி ஒரே இரவில் தோண்டிவிடும். அடைப்பதற்கு முன், ஒவ்வொரு வாயிலும் கொஞ்சம் சலித்த மண்ணைத் தூவி இரண்டு, மூன்று நாள் பாருங்கள். தடம் விழுந்த பொந்தைக் கடைசியாக விட்டு, உள்ளே இருப்பது வெளியே போய்விட்டது என்று நிச்சயமான பிறகு அடையுங்கள்.